தடைக்காலம் தொடங்குகிறது, வீட்டுக்குள் நடப்பதையும் பேசுவோம்

கொண்டல் (இழையைத் தொடங்கியவர்)
ஏப்ரல் 13, இரவு 9.40

நாளை மறுநாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே போனாலும் படகுக்கு வண்ணம் அடிப்பது, வலை செப்பனிடுவது, இயந்திரத்தைப் பழுது பார்ப்பது பற்றித்தான் பேச்சு. எனக்கு வேறொன்றைப் பேச வேண்டியிருக்கிறது.

நான் கடலோரக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியை. பதினான்கு ஆண்டுகளாக இந்தக் கரையில்தான் வேலை. தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, அதே நாட்களில் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து வீட்டில் என்னவோ சரியில்லை என்று நாங்கள் ஊகிப்போம். அந்த முகமே எங்கள் கண்ணில் படாத காலம் இது. ஜூனில் பள்ளி திறக்கும்போது சில பெண் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. கேட்டால் “நிச்சயம் முடிந்துவிட்டது” என்பார்கள், அல்லது “சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்” என்பார்கள். சில பையன்கள் படகேறியிருப்பார்கள்.

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் ஒன்று செய்து பார்த்தேன். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஏழு காரணங்களைச் சொல்லி, இதற்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்பார்கள். சொல்லாமல் வெளியே போவது, வீட்டையும் பிள்ளைகளையும் கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, உறவுக்கு மறுப்பது, சரியாகச் சமைக்காதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது. 2019-21 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் பெண்களில் 45 சதவீதம் பேரும் ஆண்களில் 44 சதவீதம் பேரும் இவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது அடிப்பது நியாயம்தான் என்றார்கள்.

அதே கேள்விகளை வந்திருந்த தாய்மார்களிடம் கேட்டேன். “சொல்லாமல் வெளியே போனால்?” என்றபோது சிலர் சிரித்தார்கள். “மாமியாரை மதிக்காவிட்டால்?” என்றபோது ஏறக்குறைய எல்லாருடைய கையும் உயர்ந்தது. அப்படி உயர்ந்த கைகளில் ஒன்றின் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. பைக்கிலிருந்து விழுந்துவிட்டதாக அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார். அவர் வீட்டில் பைக் கிடையாது.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. இந்த இரண்டு மாதங்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்று கேட்கிறேன்.

சோழகம்
ஏப்ரல் 13, இரவு 10.25

டீச்சர், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மீனவனைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஏற்கெனவே போதுமான அளவு தவறாகப் பேசுகிறார்கள். அதற்கு நாமும் எண்ணெய் ஊற்ற வேண்டுமா?

எங்கள் நிலைமையைப் பாருங்கள். கடலுக்குப் போனால் இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு அங்கே நிற்கும், வட்டி இங்கே ஓடும். ஐஸ் கட்டிக்குக் கடன், டீசலுக்குக் கடன், வியாபாரியிடம் முன்பணம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வரும்போது அதற்கு ஏற்கெனவே நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். இந்த நெருக்கடியில் மனிதன் குடிக்கிறான், குடித்தால் கை நீளுகிறது. எல்லாவற்றுக்கும் வேர் மதுக்கடைதான். அதை மூடச் சொல்லிப் போராடுவோம், நான் முதல் ஆளாக வருகிறேன். மனைவியை அடிப்பது சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

பாசிக்காரி மகள்
ஏப்ரல் 14, காலை 6.10

அண்ணன், என் அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கோயிலுக்கும் தவறாமல் போவார். ஆனாலும் அம்மாவின் வலது காது இன்று வரை சரியாகக் கேட்பதில்லை.

அம்மா கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைக்குப் பாறை மூழ்கி, மூச்சை அடக்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பறித்து வருவார். மாதத்தில் பன்னிரண்டு நாள் போனால் பெரிது. வீட்டில் அடி விழுந்தது காசு இல்லாத நாளில் என்று நினைப்பீர்கள். இல்லை. பாசி எடை போட்டு அம்மா கையில் காசு வந்த நாளில்தான். அந்தக் காசை அப்பாவிடம் கொடுக்குமுன் அரிசி வாங்கிவிட்டால், எனக்கு நோட்டு வாங்கிவிட்டால், தம்பிக்குச் செருப்பு வாங்கிவிட்டால், “யாரைக் கேட்டுச் செலவு செய்தாய்?” என்று தொடங்கும். அவருக்குக் காசு குறைவதைவிட, கேட்காமல் முடிவெடுத்ததுதான் பொறுக்கவில்லை.

குடி ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. டீச்சர் சொன்ன அதே கணக்கெடுப்பில், கணவர் அடிக்கடி குடிபோதையில் இருக்கும் பெண்களில் 70 சதவீதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர்களின் மனைவிகளிலும் அது 23 சதவீதம். குடி மூன்று மடங்காக்குகிறது, உண்மை. ஆனால் அந்த 23 எங்கிருந்து வந்தது? கடையை மூடினால் என் அம்மாவுக்கு எது மாறியிருக்கும்?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். குடித்துவிட்டு நிதானம் இழந்தவர் முன்பணம் கொடுத்த வியாபாரியை அடித்ததை நம் கரையில் யாராவது பார்த்திருக்கிறோமா?

சோழகம்
ஏப்ரல் 14, காலை 7.02

தங்கை, பதில் சொல்லத் தெரியவில்லை. யோசிக்கிறேன்.

நெறியாளர்
ஏப்ரல் 14, காலை 8.15

இந்த இழையில் யாரும் ஊர், தெரு, பெயர், பள்ளியின் பெயர் எழுத வேண்டாம். உங்கள் அனுபவமாக இருந்தாலும், அடுத்தவரின் அனுபவமாக இருந்தாலும், அடையாளம் தெரியும்படியான பதிவுகளை நீக்கிவிடுவேன். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம்.

வாடை
ஏப்ரல் 14, மாலை 5.30

வயதில் மூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கமிட்டியில் பதினொரு ஆண்டுகள் இருந்தவன் நான். கணவன் மனைவி தகராறு எத்தனையோ தீர்த்து வைத்திருக்கிறோம். இருவரையும் உட்கார வைத்துப் பேசுவோம். தவறு அவன் பேரில் என்றால் கூட்டத்தில் வைத்துக் கண்டிப்போம், அபராதம் போடுவோம், கோயிலில் விழுந்து கும்பிடச் சொல்வோம். ஒரே நாளில் முடியும், ஒரு ரூபாய் செலவில்லை. போலீசுக்குப் போனால் என்ன நடக்கும்? அவன் உள்ளே போவான், வருமானம் நிற்கும், இரண்டு பக்க உறவும் கத்தியைத் தீட்டும். பிள்ளைகள் தெருவில் நிற்கும். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. குடும்பத்தை ஒட்ட வைப்பது கடினம், உடைப்பது எளிது. இன்றைக்குப் படித்த பிள்ளைகள் உடைப்பதற்குத்தான் வழி சொல்கிறார்கள்.

பாசிக்காரி மகள்
ஏப்ரல் 14, மாலை 6.48

ஐயா, வணக்கம். அந்தக் கூட்டத்தில் என் அம்மா எங்கே நின்றிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, பாசி எடுக்கப் போகும் பெண்களை வனத்துறை தடுத்தது. தங்கள் உரிமைக்காகச் சங்கமாகக் கூடி அதிகாரிகளிடம் வாதாடினார்கள் எங்கள் பெண்கள். அவர்களில் ஒருவரான, பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்காவின் ஸீகாலஜி அமைப்பின் விருது 2015இல் கிடைத்தது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அப்படி அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்த பெண்கள், எங்கள் ஊர்க்கூட்டம் நடக்கும்போது மட்டும் சுவர் ஓரத்தில் முக்காடிட்டு நிற்பார்கள். அம்மாவின் வழக்கை அம்மா பேசவில்லை. மாமா பேசினார். தீர்ப்புச் சொன்ன ஏழு பேரும் ஆண்கள். அவர்களில் இருவர் அப்பாவோடு ஒரே படகில் பங்கு வைத்திருப்பவர்கள்.

அபராதம் 1,001 ரூபாய் என்றார்கள். அதைக் கட்டியது எது தெரியுமா, ஐயா? அம்மாவின் பாசிக் காசு.

உப்பங்காற்று
ஏப்ரல் 14, இரவு 9.15

கீழக்கரைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் கடல் இல்லை, குடி இல்லை. ஆண்கள் துபாயிலும் கத்தாரிலும் இருக்கிறார்கள். அப்படியானால் வன்முறையும் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம்.

என் தோழிக்கு மணமாகி ஆறு ஆண்டுகள். கணவர் அவரோடு சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டினால் எட்டு மாதம். தினமும் மூன்று முறை வீடியோ அழைப்பு வரும். எடுக்கத் தாமதித்தால் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். அனுப்பும் பணம் மாமியின் கணக்குக்கு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கக்கூட மாமியிடம் கேட்க வேண்டும். வாப்பா வீட்டுக்குப் போக நாத்தனார் அனுமதி தர வேண்டும். ஒரு முறைகூட அவர் மேல் கை படவில்லை. அவர் எடை பதினொரு கிலோ குறைந்துவிட்டது. இரவில் தூக்கம் இல்லை. உம்மாவிடம் சொன்னபோது, “அடித்தானா? இல்லையே! பிறகு என்ன?” என்று கேட்டார்கள்.

அடி ஒன்றைத்தான் நாம் வன்முறை என்று எண்ணுகிறோம். அதனால் அடிக்காதவர் எல்லோரும் நல்லவர் ஆகிவிடுகிறார்.

கலங்கரை
ஏப்ரல் 14, இரவு 11.05

வழக்கறிஞராக இந்த மாவட்டத்தில் பணி செய்கிறேன். உப்பங்காற்றின் தோழிக்கு நடப்பதைச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என்ற நான்கு வகையையும் சேர்த்தே வரையறுக்கிறது. செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும், சம்பாதித்ததைப் பிடுங்குவதும் அதில் அடங்கும். பாசிக் காசும் அப்படித்தான், தங்கை. மாமியார், நாத்தனார் மீதும் இச்சட்டத்தில் மனு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

வாடை ஐயாவின் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பொய்யான அச்சம் அல்ல. என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “அவரை ஜெயிலில் போடாமல் அடிப்பதை மட்டும் நிறுத்த முடியுமா?” என்றுதான். முடியும். இது உரிமையியல் தன்மை கொண்ட சட்டம். பாதுகாப்பு ஆணை, வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கான ஆணை, பராமரிப்புத் தொகை, பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆணை ஆகியவற்றைக் கேட்கலாம். வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் அந்தப் பெண்ணைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்ற முடியாது. ஆணையை மீறினால்தான் சிறை, ஓராண்டு வரை. கணவரின் கொடுமைக்கான குற்ற வழக்கு வேறு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு. அதைத் தொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு.

மனுவின் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள், அதிலிருந்து 60 நாட்களுக்குள் வழக்கு முழுவதையும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். நடைமுறையில் இதைவிட நீளும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இடைக்கால ஆணை வாங்க முடியும். கட்டணம் கிடையாது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை அமர்த்தித் தரும், தொலைபேசி 15100. மனு கொடுக்க உதவும் பாதுகாப்பு அலுவலர் ராமநாதபுரத்தில் இருக்கிறார்.

இடர் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சொந்தமாகப் பஸ் டிக்கெட்டுக்குக் காசு இல்லாத, “எங்கே போனாய்?” என்ற கேள்விக்கு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டிய ஒரு பெண் எப்படி அங்கே வருவார்? அதனால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்கிறேன். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். அங்கிருந்து ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். தங்க இடம், மருத்துவம், போலீஸ் உதவி, ஆலோசனை நான்கும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

அலைவாய்
ஏப்ரல் 15, காலை 10.20

எல்லோரும் வீட்டையே பேசுகிறீர்கள். 2022இல் ராமேசுவரம் தீவில் பாசி எடுக்கப் போன பெண்ணுக்கு நேர்ந்த கொடூரத்தை மறந்துவிட்டோமா? அன்று ஊரே சாலையில் உட்கார்ந்தது. நான் இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். அதற்குப் பிறகு மூத்தவளைத் தனியே டியூஷனுக்கு அனுப்புவதில்லை, போனையும் வாங்கி வைத்துவிட்டேன். வெளி ஆட்கள் பெருகிவிட்டார்கள். கரை ஓரம் விளக்கு இல்லை, கேமரா இல்லை. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கொண்டல்
ஏப்ரல் 15, மாலை 4.45

அலைவாய் அண்ணன், அந்தச் சகோதரியை யாரும் மறக்கவில்லை. கரையில் விளக்கு வேண்டும். பெண்கள் குழுவாகப் போய் வரப் பாதுகாப்பு வேண்டும். அதில் உங்களோடு மனு கொடுக்க வருகிறேன்.

ஆனால் உங்கள் மகளின் ஆசிரியையைப் போல ஒன்று சொல்ல அனுமதியுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் வல்லுறவு வழக்குகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் பிள்ளைக்குத் தெரிந்தவரே குற்றம் சாட்டப்பட்டவர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் காட்டுகிறது. உறவினர், அண்டை வீட்டார், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னவர், வீட்டுக்கு வந்து போகிறவர். கேமராவின் கண்ணில் படாமல் வீட்டு வாசல் வழியாகவே வருகிறவர்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. பஸ்ஸில் உறவுக்காரர் ஒருவர் தினமும் தொல்லை கொடுத்தார். ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் என்னிடம் சொன்னபோது அவள் கெஞ்சியது அந்த ஆளைத் தண்டிக்கச் சொல்லி அல்ல. “டீச்சர், அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்” என்றாள். சட்டப்படி நான் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதை அவளுக்குப் புரிய வைக்கவே ஒரு மதியம் ஆனது. புகார் கொடுத்தோம். அவள் அப்பா அன்பானவர், அண்ணன். உங்களைப் போலவே மகள் மேல் உயிரை வைத்திருந்தவர். அந்த அன்பினாலேயே பள்ளியை நிறுத்தினார். பதினேழு வயதில் அவளுக்குத் திருமணம் என்று கேள்விப்பட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு நான் அழைத்தபோது, அவளை வேறு மாவட்டத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஆள் இன்றும் அதே பஸ்ஸில் போகிறார், ஜாமீனில். அவர் வாழ்க்கையில் எதுவும் நிற்கவில்லை.

இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நான் கண்டது இதுதான். நம் கரையில் அடித்தவர் விலை கொடுப்பதில்லை, சொன்னவர் கொடுக்கிறார். மனைவி சொன்னால் சமாதானம் செய்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம். மகள் சொன்னால் படிப்பை நிறுத்துகிறோம். தவறு செய்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும், அந்த நம்பிக்கையில்தான் செய்கிறார். நான் முதலில் சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். அவர்களுக்கு வாய் இல்லாமல் அல்ல, விலை தெரிந்ததால்தான்.

உங்கள் மகளிடம் இன்று ஒன்று மட்டும் சொல்லுங்கள்: “யார் என்ன செய்தாலும் என்னிடம் சொல். அதற்காக உன் படிப்பு ஒருநாளும் நிற்காது.” போனைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பிறகு பேசலாம்.

அலைவாய்
ஏப்ரல் 15, இரவு 10.50

மூத்தவளிடம் சொன்னேன். “நிஜமாகவா அப்பா?” என்று இரண்டு முறை கேட்டாள். ஏன் கேட்டாள் என்று நினைத்துத் தூக்கம் வரவில்லை. நாளை மெதுவாகப் பேச வேண்டும்.

கலங்கரை
ஏப்ரல் 15, இரவு 11.20

அவசரப்படுத்தாதீர்கள் அண்ணன். கேள்வி மேல் கேள்வி வேண்டாம். அவள் சொல்வதைக் கேட்டு, “சொன்னது நல்லது” என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவேளை புகார் கொடுக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ள: பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அழைத்து உட்கார வைக்கக்கூடாது. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். பெற்றோரோ அவள் நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்கலாம். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

கச்சான்
ஏப்ரல் 16, அதிகாலை 1.35

எல்லோரும் பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். பையன்களைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும்.

ஒன்பதாம் வகுப்போடு படகேறினேன். வயது பதினான்கு. வலையை ஒழுங்காக இழுக்காவிட்டால் கயிற்றால் அடி. தூங்கிவிட்டால் முகத்தில் ஐஸ் தண்ணீர். கரைக்கு வந்து அழுதால், “அடிபட்டால்தான் கடல்காரன் ஆவாய்” என்று அப்பாவே சொன்னார், அவரும் அப்படித்தான் ஆனவர். அந்தப் படகில் மூத்தவர் ஒருவர் இரவில் நடந்துகொண்ட விதத்தை இத்தனை ஆண்டு கழித்தும் என்னால் எழுத முடியவில்லை. ஒரே ஒரு முறை நண்பனிடம் சொன்னேன். மறுநாள் துறைமுகம் முழுவதும் சிரித்தது.

பதினெட்டு வயதில், என் தங்கை யாருடனோ போனில் பேசினாள் என்று அவளை இடுப்பு வாரால் அடித்தேன். ஊரில் எல்லோரும் “அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்றார்கள். அம்மா தடுக்கவில்லை. நான் ஆண்பிள்ளை ஆகிவிட்டேன் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் பேசியது வகுப்புத் தோழியிடம், கணக்கு நோட்டு கேட்டு.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் “பரவாயில்லை அண்ணா” என்றாள். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை.

கொண்டல்
ஏப்ரல் 16, காலை 6.00

தம்பி, எழுதியதற்கு நன்றி. நீ சொன்னபோது சிரித்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நீ தனி ஆள் இல்லை என்று தெரிவதற்காக இதைச் சொல்கிறேன். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 53 சதவீதம் பேர், ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளைவிடப் பையன்கள் சற்று அதிகம். போக்சோ சட்டமும் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை; பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொது. மனம் மிகவும் கனக்கும் இரவில் 14416க்கு அழை. மனநல ஆலோசனைக்கான அரசு எண், தமிழிலேயே பேசுவார்கள்.

வீட்டில் அடி பார்த்து வளர்ந்த பையன் அடிப்பவனாகும் வாய்ப்பும், அடி பார்த்து வளர்ந்த பெண் அடியைப் பொறுத்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து எழுதிவருகிறது. வாய்ப்புத்தான், விதி இல்லை. நீ நிறுத்திவிட்டாய்.

சோழகம்
ஏப்ரல் 16, காலை 7.30

கச்சான் தம்பி, நானும் படகு வைத்திருப்பவன். என் படகிலும் பதினைந்து வயதுப் பையன்கள் ஏறியிருக்கிறார்கள். கயிற்றால் அடிப்பது எனக்குப் புதிதில்லை, தடுத்ததும் இல்லை. ஜூன் 15இல் கடலுக்குப் போகும்போது பதினெட்டுக்குக் கீழே யாரையும் ஏற்றப் போவதில்லை. இதை மற்றப் படகுக்காரர்களிடமும் பேசுவேன். சிலர் கேட்க மாட்டார்கள். பேசுவேன்.

பாசித் தங்கை அன்று கேட்ட கேள்விக்கும் பதில்: பார்த்ததில்லை. நானும் வியாபாரியிடம் போனால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

வாடை
ஏப்ரல் 18, இரவு 8.10

மூன்று நாளாக எழுதவில்லை. எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

நான் கமிட்டியில் இருந்தபோது ஒரு பெண் மூன்று முறை வந்தாள். இரண்டு பிள்ளைகள். முதல் முறை அவனைக் கண்டித்து அனுப்பினோம். இரண்டாம் முறை அபராதம் போட்டோம். மூன்றாம் முறை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான்தான் அவளிடம் சொன்னேன், “அம்மா, கொஞ்சம் அனுசரித்துப் போ. சும்மா சும்மா கூட்டத்தைக் கூட்டினால் உனக்குத்தான் பேர் கெடும்.” அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு போனாள். நான்காவது முறை அவள் வரவில்லை. அவள் தம்பி வந்தான், அக்காளை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்ல. ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள்.

கூட்டத்தில் நாங்கள் ஏழு பேரும் அதற்காக வருத்தப்பட்டோம். ஆனால் எங்கள் தீர்ப்பு தவறு என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேர் கெடும் என்று நான் அவளிடம் சொன்னதுதான் டீச்சர் எழுதியிருக்கும் விலை. அதை நிர்ணயித்தவர்களில் நான் ஒருவன்.

இப்போது கமிட்டியில் இருப்பவர்கள் என் மகன் வயதுக்காரர்கள். நேற்று இருவரைப் போய்ப் பார்த்தேன். குடும்ப வழக்கு வந்தால் பெண்கள் குழுவிலிருந்து மூன்று பேரையாவது கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும், நிற்க வைக்கக்கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டேன். அடி, காயம் என்றால் கூட்டமே கூடாது, நேராக மருத்துவமனைக்கும் 181க்கும் போக நாமே வண்டி பிடித்துத் தர வேண்டும் என்றும் கேட்டேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர், “பெரியவர் இந்த வயதில் இதில் எல்லாம் தலையிடாதீர்கள்” என்றார். மறுபடியும் போவேன்.

பாசிக்காரி மகள்
ஏப்ரல் 18, இரவு 9.00

ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இடது காது பக்கம் உட்கார்ந்து. முழுவதும் கேட்டார். “அந்தப் பெண்ணின் பிள்ளைகள் இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்று கேள்” என்றார்.

வாடை
ஏப்ரல் 18, இரவு 9.25

பாட்டியிடம் வளர்ந்தார்கள். மகள் தையல் படித்து மதுரையில் இருக்கிறாள். மகன் என்னைக் கண்டால் பேச மாட்டான். அது நியாயம்தான்.

கலங்கரை
ஏப்ரல் 19, காலை 9.40

மருத்துவமனை என்று ஐயா சொன்னதால் ஒன்று. காயத்தோடு போகும் பெண், கூட வந்திருப்பவர் யாராக இருந்தாலும், மருத்துவரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். “விழுந்துவிட்டேன்” என்று எழுதிவிட்டால் பிறகு நீதிமன்றத்தில் அதுவே அவருக்கு எதிராக நிற்கும். “இவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்” என்று செவிலியரிடம் கேட்கலாம். விபத்துப் பதிவேட்டில் எழுதியதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பங்காற்று
ஏப்ரல் 19, பிற்பகல் 2.15

தோழியின் பெயரில் தனி வங்கிக் கணக்குத் தொடங்கிவிட்டோம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் இனி அதற்கு வரும்படி கேட்கப் போகிறோம். மாமிக்கு இன்னும் தெரியாது. சிறிய செய்திதான், ஆனால் பாஸ் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது அவர் தன் பெயரை இரண்டு முறை வாசித்துப் பார்த்தார்.

விருந்தினர்
ஏப்ரல் 20, பிற்பகல் 12.50

நான் ஒரு வாரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு இன்றுதான் தொடங்கினேன். ஒரே ஒரு சந்தேகம். 181இல் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் ஆள் வந்துவிட்டால் வைத்துவிட வேண்டியிருக்கும். அவர்கள் திருப்பி அழைத்துவிட்டால் என்ன செய்வது? போன் அவரிடம்தான் இருக்கும், நான் மதியம் மட்டும் எடுப்பேன்.

கலங்கரை
ஏப்ரல் 20, பிற்பகல் 12.58

அக்கா, கேட்டது மிகவும் நல்லது. பேச ஆரம்பித்தவுடன் முதல் வாக்கியமாகவே “இந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் இந்தப் போனில் பேசவே வேண்டாம். அங்கன்வாடியில், கிராம செவிலியரிடம், பிள்ளையின் ஆசிரியையிடம், நம்பும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போன் கேளுங்கள். இதிலிருந்தே பேசினால் முடித்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். இந்தத் தளத்தைப் பார்த்த பதிவையும் அழித்துவிடுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வெளியில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இப்போதே ஆபத்து என்றால் 112.

கொண்டல்
ஏப்ரல் 20, பிற்பகல் 1.04

உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியானாலும் சரி, அங்கே ஒரு டீச்சரிடம் “மதிப்பெண் பற்றிப் பேச வேண்டும்” என்று சொல்லிப் போங்கள். அந்தச் சாக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

விருந்தினர்
ஏப்ரல் 20, பிற்பகல் 1.11

சரி. எங்களுடையது நாட்டுப்படகு, தடை கிடையாது. விடியுமுன் போனால் பத்து மணிக்குத்தான் கரைக்கு வருவார். பக்கத்து வீட்டு மதினியிடம் போன் இருக்கிறது. நாளை அவர் கடலுக்குப் போனதும் பேசுகிறேன்.